தமிழ் மேலே, மலையாளம் கீழே: பேக்கரி போர்டு எங்கே கெட்டது?

கோரல் ஷீலா, களியக்காவிளை:

எல்லோருக்கும் வணக்கம். களியக்காவிளையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறேன். படித்தது டைப்ரைட்டிங் லோயர், ஹையர், அப்புறம் ஆறு மாசம் டிடிபி. பேஜ்மேக்கரில் கல்யாண லெட்டர் அடிக்க ஆரம்பித்தவள், கோரல் டிராவுக்கு வந்து 17 வருஷம் ஆகிறது. கோயில் கொடை, சர்ச் திருவிழா, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி என்று இந்தப் பக்கத்துச் சுவரில் தொங்குவதில் பாதி என் கைவழியாகப் போனதுதான். கையில் வேகம் உண்டு. ஆனால் ஒரு டிசைன் ஏன் நன்றாக இருக்கிறது, இன்னொன்று ஏன் சரியில்லை என்று கேட்டால் வாயில் வார்த்தை வராது. ‘பாக்க ஒரு இதுவா இல்ல’ என்பதோடு நின்றுவிடுவேன்.

போன மாசம் ஒரு பேக்கரி போர்டு வந்தது. 10க்கு 4 அடி. எல்லை பக்கம் என்பதால் இங்கே எல்லா போர்டிலும் இரண்டு மொழியும் வேண்டும். தமிழ் மேலே, மலையாளம் கீழே போட்டேன். இரண்டையும் ஒரே உயரம், ஒரே நீளம் வருகிற மாதிரி இழுத்துச் சமமாக்கினேன். கடைக்காரருக்குப் பச்சை ராசி, ஆகவே இலைப்பச்சைத் தரை. எழுத்து நல்ல சிவப்பு, சுற்றி ஒளி பரவுகிற மாதிரி மஞ்சள் குளோ. மிச்ச இடத்தில் கேக், பன், பப்ஸ் படங்கள், மூன்று போன் நம்பர், ‘பிறந்தநாள் கேக் ஆர்டரின் பேரில்’. ஸ்கிரீனில் பார்த்து அவரும் சரி என்றுதான் சொன்னார்.

மாட்டிய அன்றைக்குச் சாயங்காலமே போன். “தமிழ் நோஞ்சானாட்டு இருக்கு, மலையாளம் தடிச்சிருக்கு. ரெண்டும் ஒரே அளவுண்ணுதானே சொன்னீங்க? அதும் போக, எழுத்து நிண்ணு ஆடுது.” போய்ப் பார்த்தேன். உண்மையாகவே ஆடியது. 40 சதுர அடி மறுபடி அடிக்க வேண்டும், பாதிக் காசு என் சம்பளத்தில்.

கடைக்காரரின் தங்கை மகள் திருவனந்தபுரத்தில் டிசைன் படிக்கிறாள். போர்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஹையரார்க்கி இல்ல சேச்சி, நெகடிவ் ஸ்பேஸ் இல்ல, வேல்யூ கான்ட்ராஸ்ட் இல்ல” என்று மூன்று ‘இல்ல’ சொன்னாள். புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்குத் தெரிந்த நெகடிவ், ஸ்டுடியோவில் போட்டோ கழுவுகிற ஃபிலிம். வேல்யூ என்றால் நிலத்துக்குப் பத்திர ஆபீசில் போடுகிற விலை. ராத்திரி யூடியூபில் தேடினால் எல்லாம் இங்கிலீஷ். வெள்ளைக்காரன் ஒரு ஆப்பிளை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசுகிறான்.

இந்த மூன்றையும் நம் பக்கத்துப் பேச்சில் யாராவது சொல்லித் தருவீர்களா? பழைய போர்டின் போட்டோ கீழே இருக்கிறது. சிரித்துவிட்டுச் சொன்னாலும் சரி.

ஃபாஸ்ட் பிரிண்ட்:

இப்ப எல்லாம் ஏஐ இருக்கே அக்கா. கேட்டா ஒரு நிமிஷத்துல போட்டுத் தரும்.

கோரல் ஷீலா, களியக்காவிளை:

கேட்டேன் தம்பி. புள்ளி இல்லாமல் ‘பேககரி’ என்று எழுதித் தந்தது.

பழைய டிராயிங் மாஸ்டர், குழித்துறை:

மக்களே, மூன்றில் வேல்யூவை முதலில் பிடி. உன் போர்டு ஆடியதற்கும் அதுதான் காரணம்.

ஒரு வேலை செய். நீ போட்டிருக்கிற போட்டோவை போனிலேயே கருப்பு வெள்ளையாக மாற்றிப் பார். நான் மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கேக் தெரிகிறது, பன் தெரிகிறது, கடைப் பெயரைக் காணோம். சிவப்பு எழுத்தும் பச்சைத் தரையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிட்டன. இந்தச் சாம்பல்தான் வேல்யூ. ஒரு நிறம் எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்கிற அளவு. போன் இல்லாத காலத்தில் கண்ணைச் சுருக்கி, இமை பாதி மூடிப் பார்ப்போம். நிறம் மங்கி வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும்.

நிறம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் மூன்று சங்கதி இருக்கிறது. மன்செல் என்ற அமெரிக்க டிராயிங் வாத்தியார் 1905-இல் இதைப் பிரித்து ஒழுங்காக எழுதி வைத்தார். முதலாவது, அது சிவப்பா நீலமா என்கிற நிறம். இரண்டாவது வெளிர்-அடர். மூன்றாவது செறிவு, அதாவது எவ்வளவு பளிச்சென்று, எவ்வளவு மங்கலாக இருக்கிறது என்பது. செம்பருத்திப் பூவையும் வீட்டுக் கூரை ஓடு ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார். இரண்டும் சிவப்பு வகைதான். பூவில் செறிவு கூடுதல், ஓட்டில் குறைவு. அதே சிவப்பில் வெள்ளை கலந்து ரோஸ் ஆக்கினால் வெளிர்ந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் ‘இன்னும் கொஞ்சம் தூக்கலா’ என்று கேட்பார்களே, அவர்களுக்கு இந்த மூன்றில் எது வேண்டுமென்று நீ திருப்பிக் கேட்கணும்.

எழுத்து ஆடியது ஏன்? விளிம்பைப் பிரித்துப் பார்க்கக் கண்ணுக்கு முக்கியமாக வேண்டியது வெளிர்-அடர் வித்தியாசம். சிவப்பும் பச்சையும் நிறத்தில் எதிரெதிர், இரண்டும் முழுச் செறிவு, ஆனால் வெளிச்சத்தில் சமம். கண்ணுக்கு அந்த ஓரம் எங்கே என்று நிலைகொள்ளாது. நீ மஞ்சள் குளோ போட்டு இருக்கிற விளிம்பையும் கரைத்துவிட்டாய். ராசிப் பச்சையை மாற்ற வேண்டாம். அதைப் பாட்டில் பச்சையாக இருட்டாக்கு. எழுத்தை வெண்ணெய் நிறத்தில் வை. கான்ட்ராஸ்ட் என்பது அவ்வளவுதான். ‘மாறுபாடு’ என்று புத்தகத்தில் போடுவார்கள்.

31 வருஷம் பள்ளிக்கூடத்தில் பார்த்தேன், பிள்ளைகள் பேப்பரைக் கண்டதும் கலரில்தான் கை வைப்பார்கள். இலை பச்சை, வானம் நீலம், முடிந்தது. அதனால் ஆறாம் வகுப்பில் முதல் இரண்டு மாசம் கிரேயானைத் தொட விடமாட்டேன், கரித்துண்டு மட்டும். ‘கலர் பெட்டி வாங்கச் சொல்லிவிட்டுக் கரியில் படம் போடச் சொல்கிறார்’ என்று ஒரு தகப்பனார் சண்டைக்கே வந்தார்.

கோடு என்பதையும் இதோடு சேர்த்துப் புரிந்துகொள். நம் பக்கத்தில் அதற்கு இரண்டு நல்ல உதாரணம் உண்டு. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. இருப்பது நம் ஜில்லா, பராமரிப்பது கேரள அரசு. அங்கே உப்பரிகை மாளிகையின் சுவரோவியங்கள் மஞ்சள், சிவப்பு, பச்சை, கருப்பு, வெள்ளை என்ற ஐந்து வண்ணத்தில் அடங்குபவை. முதலில் கோட்டால் வரைந்து, வண்ணம் தீற்றி, ‘வர்த்தனை’ என்று சொல்கிற நிழல் கொடுத்து, கடைசியில் மறுபடி கருப்புக் கோட்டால் விளிம்பு கட்டுவார்கள். அந்தக் கோடுதான் உருவத்தைத் தாங்குகிறது. 1848-இல் கிளிமானூரில் பிறந்த ரவிவர்மாவின் எண்ணெய் ஓவியத்தில் அப்படி ஒரு விளிம்புக் கோடு கிடையாது. கன்னத்தில் விழுகிற வெளிச்சம் மெல்ல மெல்ல இருட்டுவதிலேயே முகம் திரண்டு நிற்கும். முன்னது கோட்டு வேலை, பின்னது டோன் வேலை. இந்தப் பிரிவு நமக்குப் புதிதும் இல்லை. வண்ணம் தீட்டாமல் கோட்டோடு நிற்பதைப் ‘புனையா ஓவியம்’ என்று நெடுநல்வாடையிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

நெகடிவ் ஸ்பேஸ் என்கிற வெற்றிடத்தைப் பற்றி வேறு யாராவது எழுதுங்கள். போனில் தட்டித் தட்டி விரல் வலிக்கிறது.

சுவரெழுத்து அண்ணன், மார்த்தாண்டம்:

சார் சொன்னது சரி. ஆனா தமிழ் நோஞ்சானானது கலரால் இல்லை தங்கச்சி, உன் மவுஸால். ‘இழுத்துச் சமமாக்கினேன்’ என்று நீயே எழுதியிருக்கிறாய்.

பேக்கரி என்று தமிழில் எழுத க் தனி, க தனி. மலையாளத்தில் அந்த இரண்டும் ஒட்டி ஒரே கூட்டெழுத்து. அதனால் மலையாளச் சொல் சின்னதாக முடியும். நீ அதை நீளத்துக்கு இழுத்தாய், நிற்கிற கோடெல்லாம் பருத்துவிட்டது. தமிழை இடத்துக்குள் அடக்கப் பக்கவாட்டில் நெருக்கினாய், நிற்கிற கோடு மெலிந்துவிட்டது. படுக்கிற கோடு அப்படியே இருக்கிறது. போட்டோவைப் பெரிதாக்கி உன் ‘க’வைப் பார், தலைச்சுமை ஏற்றின ஒல்லிப்பிச்சான் மாதிரி நிற்கும். எழுத்தை இழுக்கவே கூடாது. பெரிதாக வேண்டுமானால் மூலையைப் பிடித்து நாலுபக்கமும் ஒரே கணக்கில் வளர்க்கணும்.

அப்புறம் உயரம். கம்ப்யூட்டர் ‘ரி’யின் மேல்சுழியையும் ‘கு’வின் கீழ்வளைவையும் சேர்த்துப் பெட்டி கட்டி இதுதான் உயரம் என்று காட்டும். நாங்கள் சுவரில் நூலடித்து இரண்டு கோடு போடுவோம். அதற்குள் எழுத்தின் உடம்பு மட்டும். கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் கோட்டுக்கு வெளியே போகும். இரண்டு மொழி எழுதும்போது இந்த உடம்பைத்தான் சமமாக வைக்கணும், பெட்டியை இல்லை. அதற்கு மேலும் மலையாளம் கொஞ்சம் பெரிசாகத் தெரிந்தால், கண்ணால் பார்த்து ஒரு நூல் குறைத்துக்கொள்.

எழுத்து இடைவெளியை ஸ்கேலால் அளக்காதே. இரண்டு எழுத்துக்கு நடுவே தண்ணீர் ஊற்றினால் எல்லா இடத்திலும் ஒரே அளவு நிற்கணும் என்று என் ஆசான் சொல்வார். ‘ட’வுக்கு மேலே வலதுபக்கம் காலி மூலை கிடக்கும், அடுத்த எழுத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளு. ‘ம’வும் ‘ப’வும் பக்கத்தில் வந்தால் சற்று விலக்கு. நான் தொழில் பழகும்போது தும்பிக்கை வைத்த பழைய ‘லை’, ‘னை’ எழுதினேன். 1978-இல் சர்க்கார் எழுத்தை மாற்றின பிறகு அந்த அழகான வளைவு போச்சு. இடைவெளிக் கணக்கு லேசாச்சு, அதையும் சொல்லணும்.

ஹையரார்க்கி என்பது ஒன்றும் இல்லை, எது முதலில் கண்ணில் படணும், எது அப்புறம் என்கிற வரிசை. எவன் எங்கே நின்று பார்க்கிறான் என்பதுதான் அதன் கணக்கு. போர்டுக்காரர்கள் கணக்கு ஒன்று உண்டு, பத்தடி தூரத்துக்கு ஒரு இஞ்ச் எழுத்து. 100 அடி தள்ளி பஸ்ஸில் வருகிறவனுக்குக் கடைப் பெயர் தெரியணுமென்றால் 10 இஞ்ச் உடம்பு வேண்டும். அவனுக்குப் போன் நம்பர் எதுக்கு? நம்பர் வேண்டியவன் கடை வாசலில் நிற்பான், அவனுக்கு 2 இஞ்ச் தாராளம். மூன்று நம்பரில் இரண்டை வெட்டு. நீ பெயர், பப்ஸ், நம்பர், ஆர்டரின் பேரில் எல்லாத்தையும் ஒரே சத்தத்தில் கத்த விட்டிருக்கிறாய். சந்தையில் நாலு மைக் ஒன்றாகப் பாடினால் எதைக் கேட்பது?

படம் ஒன்று போதும். அதையும் நடுவில் வைக்காதே. பெயர் இடதுபக்கம் கனமாக இருந்தால் கேக்கை வலது ஓரத்துக்குத் தள்ளு. வெள்ளிக்கோலில் சின்னக் கல் தூரத்தில் தொங்கி மூட்டையை நிறுத்தும் இல்லையா, அதேதான். ஓணத்துக்குப் போடுகிற அத்தப்பூ மாதிரி எல்லாம் வட்டமாக, சமச்சீராக இருந்தால்தான் பேலன்ஸ் என்று இல்லை.

கசவுக்கரை, பாலராமபுரம்:

அக்கா, நெகடிவ் ஸ்பேஸை நான் எடுத்துக்கொள்கிறேன். எங்களுக்கு அதில்தான் சோறு.

எங்கள் தெருவில் வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். தலைமுறையாகத் தறி. புளியிலைக்கரை என்று ஒரு முண்டு நெய்வோம். வெளுக்காத பருத்தி நூலில் முழுத்துணியும் வெறும் வெண்மஞ்சள், ஓரத்தில் புளிய இலை அகலத்துக்கு ஒரு கரை. அவ்வளவுதான். ‘இவ்வளவு துணியில் ஒண்ணுமே இல்லையே’ என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அந்த ஒண்ணுமில்லாத துணிதான் கரையைக் கரையாக்குகிறது. அதே கசவை, அதாவது ஜரிகையை, துணி முழுக்க ஓட்டினால் பளபளப்பு இருக்கும், கரை இருக்காது. நெகடிவ் ஸ்பேஸ் என்பது மிச்சம் விழுந்த இடம் இல்லை அக்கா, நாம் நெய்து கொடுக்கிற இடம். அதற்கும் நூல் செலவாகிறது, கூலி உண்டு. போர்டிலும் அப்படித்தான். பெயரைச் சுற்றி ஒரு எழுத்து அகலத்துக்காவது ஒன்றும் வைக்காமல் விட்டுப் பாருங்கள்.

மாஸ்டர் சாரிடம் ஒரு சின்னக் கருத்து வேறுபாடு. வேல்யூவைத் தனியாக அளந்தால் போதாது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும் நிறத்தை மாற்றும். பாரிஸில் கோப்லன் என்ற பெரிய நெசவுச்சாலையில் செவ்ரல் என்ற வேதியியல்காரர் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கருப்பு நூல் மங்கலாக இருக்கிறது, சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. அவர் நூலைச் சோதித்தால் சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும்தான் கருப்பை மங்கலாகக் காட்டியிருக்கின்றன. அதிலிருந்து தொடங்கி 1839-இல் பெரிய புத்தகமே போட்டார். நாங்களும் தினம் பார்க்கிறோம். வெளுத்த வெள்ளைத் துணியில் கசவு ஒரு மாதிரி, வெளுக்காத துணியில் வேறு மாதிரி. ஜரிகை ஒரே கட்டில் எடுத்ததுதான்.

பழைய டிராயிங் மாஸ்டர், குழித்துறை:

வேறுபாடு ஒன்றும் இல்லை தம்பி, நான் விட்டதை நீ சொல்லியிருக்கிறாய். ஷீலா, இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள். ஸ்கிரீனில் பார்த்துக் கலர் முடிவு செய்யாதே. அங்கே வெளிச்சம் கலக்கிறது, கூடக்கூட வெள்ளையாகும். ஃப்ளெக்ஸில் மை கலக்கிறது, கூடக்கூட இருளும். ஸ்கிரீனில் பளீரென்ற நீலம் அச்சில் கத்தரிப்பூவாக வருவதை நீயே பார்த்திருப்பாய். முதலில் ஒரு சாண் துண்டு அடித்து வெயிலில் பிடித்துப் பார்.

கோரல் ஷீலா, களியக்காவிளை:

சார், அண்ணா, தம்பி, மூன்று பேருக்கும் நன்றி. நேற்று புதுசு மாட்டியாச்சு.

பாட்டில் பச்சைத் தரை, வெண்ணெய் எழுத்து. முதலில் ஒரு துண்டு அடித்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். பிளாட்டர் ஓட்டுகிற பையன், அக்காவுக்குக் கண்ணில் என்னமோ விழுந்துவிட்டது என்று தண்ணீர் கொண்டு வந்தான். எழுத்தை இழுக்கவில்லை. ‘க’வின் உடம்பை அளந்து இரண்டு மொழிக்கும் சமமாக வைத்து, அப்புறம் மலையாளத்தை ஒரு பொடி குறைத்தேன். இடது ஓரம் இரண்டும் ஒரே நேர்கோட்டில் தொடங்குகிறது. மலையாளம் சீக்கிரம் முடிந்து வலதுபக்கம் இடம் கிடந்தது. அப்படியே விட்டேன். ஓரத்தில் ஒரே ஒரு கேக்.

மாட்டும்போது கடைக்காரர் கீழே நின்று கேட்டார்: “அங்க சும்மா கெடக்கே, ஒரு பப்ஸ் போட்டா என்ன?” புளியிலைக்கரைக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ காலி எடத்துக்கும் சதுர அடிக் காசு உண்டா?” என்றார். நூல் செலவு உண்டு அண்ணாச்சி என்றேன். இன்றைக்குக் காலையில் எதிர் மெடிக்கல் ஷாப்காரர் வந்து, பேக்கரி போர்டு மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார். ராசிக் கலர் அவருக்கும் உண்டு, ஆரஞ்சு.

அடுத்து ஒரு சந்தேகம். கோயில் கொடை பேனர் வந்திருக்கிறது. நடுவில் அம்மன், கமிட்டிக்காரர்கள் 27 பேர் முகம். யார் முகமும் யார் முகத்தைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். இதில் ஹையரார்க்கி எங்கே வைப்பது?

சுவரெழுத்து அண்ணன், மார்த்தாண்டம்:

இதுக்கு எங்க ஆசானும் வழி கண்டதில்லை.

பழைய டிராயிங் மாஸ்டர், குழித்துறை:

வழி உண்டு. 27 முகத்தையும் 27 ஆகப் பார்க்காதே. தலை எல்லாம் ஒரே அளவு, பின்னால் ஒரே நிறம், இடைவெளி இல்லாமல் கீழே இரண்டு வரிசையாக அடுக்கு. ஒரே மாதிரி பல சேர்ந்தால் கண் அதைத் தனித்தனியாக எடுக்காது, பாய் முடைந்த மாதிரி ஒரு பட்டையாக எடுத்துக்கொள்ளும். டெக்ஸ்சர் என்பார்கள், இழைநயம் என்று நாங்கள் பாடத்தில் எழுதிப்போடுவோம். அம்மனைச் சுற்றி மட்டும் வெற்றிடம் விடு, முதல் பார்வை அங்கேதான் போகும். கமிட்டிக்காரர் அவரவர் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். பட்டை இன்னும் அடங்கணுமென்றால் 27 போட்டோவையும் கருப்பு வெள்ளையாக்கிவிடு.

கோரல் ஷீலா, களியக்காவிளை:

எல்லாம் செய்கிறேன் சார், கடைசி ஒன்று மட்டும் முடியாது. கருப்பு வெள்ளையில் போட்டால் 27 பேருக்கும் கண்ணீர் அஞ்சலி ஆகிவிடும்.